கோபுரம் தெரிகிற இடம்

எனக்குப் பனி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொன்னால் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எண்பத்திரண்டில் இமயமலையில் மலையேற்ற முகாம், எங்கள் காலேஜிலிருந்து ஒரே ஒரு ஆள் போகலாம் என்று அறிவிப்பு வந்ததுமே, அந்த ஆள் காசியம்மாளாகிய நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் தருமன் சார் அப்படி முடிவு கட்டவில்லை. கயிற்றில் தொங்காமல் பாறையின் உச்சிக்கு முதலில் ஏறி முடிப்பவரைத்தான் அனுப்புவேன் என்றார். போட்டிக்கு நின்றது மூன்று பேர். யார் முதலில் ஏறுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். வேடியப்பன் முதல், ராஜேந்திரன் அடுத்து, நான் கடைசி. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் அண்ணாமலையின் ஊர்ப்பக்கம் ஓடை அறுத்துப் பிளந்த இடுக்கு ஒன்று உண்டு. பார்க்கத்தான் பயங்கரம், விரலுக்கும் காலுக்கும் தாராளமாக இடம் கொடுக்கிற பாறை. ஞாயிற்றுக்கிழமையானால் பாதி காலேஜ் அங்கேதான் கிடக்கும். சாமி மலை என்பதால் வெறுங்காலில்தான் ஏறுவோம். சார் மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வார், மறுமுனை ஏறுபவர் இடுப்பில் இருக்கும். விழுந்தால் தொங்கலாமே தவிர உயிருக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கென்று அவர் யாருமே ஏறாத புதுப் பக்கமாகக் கயிறு போட்டிருந்தார்.

வேடியப்பன் சரசரவென்று ஏறினான். போச்சு, என் பனி போச்சு என்று பல்லைக் கடித்தேன். உச்சிக்கு இன்னும் ஓர் ஆள் உயரம்தான். அந்த இடத்தில் வலப்பக்கப் பாறை முடிந்து, அதுவரை மறைந்திருந்த ராஜகோபுரம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே கோபுரம் கண்ணில் பட்டால் எங்கள் ஊர்க் கைகள் சும்மா இருக்காது. இவன், அண்ணாமலையாரே என்று இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுகணம் கயிற்றில் ராட்டினம் சுற்றினான்.

ராஜேந்திரன், தான் அவனைப்போல மடையன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அதே இடத்தில் இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு கன்னத்தில் போட்டுக்கொண்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு கன்னத்தோடு எப்படி நிறுத்துவது? கை மாற்றினான். மாற்றுகிற நேரத்தில் ஆள் போய்விட்டான். மேலே சார் சிரித்த சிரிப்பில் கயிறு குலுங்க, அவனும் கூடவே குலுங்கினான்.

அண்ணனுடைய பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சிரிப்பு அடங்காமலே நான் ஏறினேன். காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அந்த இடம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதுதான் என் திட்டம். ஆனால் காலுக்கு இடம் அகப்படவில்லை. துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்தேன்.

அம்மாடி, என்ன கோபுரம்! என் வலது கை தானாகப் பாறையை விட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த அண்ணாமலையாருக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? அங்கே கோபுரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இங்கே என்னை ஏன் படுத்துகிறார்? அப்போதுதான் உறைத்தது. இந்த மலையே அவர்தானே. அவரைத்தானே இவ்வளவு நேரமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கையைத் திரும்பப் பாறையில் வைத்தேன். வலது கன்னத்தைப் பாறையில் ஒரு போடு போட்டேன். முகத்தைத் திருப்பி இடது கன்னத்தை ஒரு போடு. வெயில் ஏறிய பாறை சுள்ளென்று சுட்டது. அப்புறம் ஒரே மூச்சில் மேலே போய் விழுந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன்.

சார் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "இன்னாம்மா இது, ரெண்டு பக்கமும் இப்படி சிராய்ச்சிக்கினு வந்திருக்கே?"

"கன்னத்துல போட்டுக்கினேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். காலுக்குக் கீழே இருந்த பாறையைப் பார்த்தார். பிறகு என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"அங்க குளிரு ஜாஸ்திம்மா. நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு வாங்கிக்கோ."