வீட்டுக்கு ஒரு லேப்டாப்

லேப்டாப் வாங்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வரிசையில் என் மதிப்பு ஒரே நாளில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு சந்திரம்மா என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "உனக்கின்னாம்மா, ராணி! ஒக்காந்த எடத்துல சம்பளம்" என்றாள். சிரித்து வைத்தேன். உட்கார்ந்த இடத்தில் என்பதுதான் என் வயிற்றெரிச்சலே என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். வசந்த் நகரில் ஓர் ஆபீஸில் எனக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு நாங்கள் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்பது வருஷமாக இதே வேலை, இதே எட்டு இருபது பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இறங்குகிற வரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மதியம் பக்கத்து சீட் ஷோபாவோடு டப்பாவைத் திறந்தால் அவள் வீட்டு சாறு, அதாவது கன்னடத்து ரசம், இந்தப் பக்கம் வரும், என் புளிக்குழம்பு அந்தப் பக்கம் போகும். நாலு மணிக்கு மிஷின் காபி. அது காபியே இல்லை. ஆனால் அதை நான் போட வேண்டியதில்லை. என் சுதந்திரம் என்று பார்த்தால் மொத்தமே இவ்வளவுதான்.

ஆடி மாசத்தில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். பகலில் சந்திரம்மாதான் பார்த்துக்கொண்டாள். அவளும் மகள் பிரசவத்துக்காக ஜீவனஹள்ளிக்குக் கிளம்புவதாக இருந்தாள். ஆள் போடலாம் என்றேன். முன்பின் தெரியாதவள் தன் புடவையை மாற்றுவதா என்று அத்தை அழுதுவிட்டாள். அவள் நல்லவள். வாக்கரை விட்டுவிட்டு என் தோளைத்தான் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை தோளில் இருக்கும்போது, நான் வெளியே போக வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

வழி கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். பெயர் சுந்தரமூர்த்தி. பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, ஆறேகாலுக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். அவர் வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது, என் வேலையைத் தூக்கிக்கொண்டு வரலாம். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"ஒங்க கம்பெனியிலதான் வீட்லேர்ந்தே செய்யலாம்னு ஆரமிச்சிட்டாங்களே. சிஸ்டம் மட்டும் நம்மது இருந்தா போதும்" என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. "டெஸ்க்டாப்னா சும்மா எடத்த அடைக்கும். லேப்டாப்னா கரன்ட் போனாலும் ஓடும். அம்மா கட்டில் பக்கத்துலயே டேபிள் போட்டுக்கலாம். கூப்ட்டா நீ எழுந்து ஓட வேணாம் பாரு."

எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே செய்த சாமான் அது. என்னை ஒரே இடத்தில் உட்கார வைக்க அதை வாங்கப் பார்த்தார்.

அவர் கெட்டவராக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். பம்ப் கம்பெனி சிநேகிதர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முப்பதாயிரத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு ஜிபி மெமரி, பெரிய ஸ்கிரீன், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சர்வீஸ் சென்டர் பக்கத்தில் உண்டா. கடைசியில், 'உஷா கண்ணுக்குக் கூசக் கூடாது' என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு யாரிடம் கோபித்துக்கொள்வது? எங்கள் மகள் தர்ஷினி வேறு, அதில் படம் வரைய முடியுமா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அது ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

எங்கள் வேலையில் காலுக்கும் வேலை உண்டு. மேஜைக்குக் கீழே தையல் மிஷினில் இருக்கிற மாதிரி ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். பெரிய பெரிய டாக்டர்களை என் காலடியில் வைத்திருக்கிறேன் என்று ஷோபாவிடம் பீற்றிக்கொள்வேன். டீம் லீடர் ஓஸ்வால்ட் சார் வீட்டு உபயோகத்துக்கென்று எனக்குக் கொடுத்தது அந்தக் காலத்துப் பெடல். "யூ ஆர் லக்கி, மேன்! பஸ் இல்ல, டிராஃபிக் இல்ல" என்று கவரை நீட்டினார். "புதுசு கேட்டு எழுதியிருக்கேன், வர்றப்ப வரும். அதுவரிக்கும் இத்த வெச்சி ஓட்டு."

வயர் நுனியில் பதினைந்து ஊசி வைத்த அகலமான பிளக். ஷோபா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்து தன் கன்னடத் தமிழில் சொன்னாள். "இதுக்கு எங்க தம்பி லேப்டாப்ல ஓட்டையே இல்ல கணே."

அந்த ஒரு வார்த்தை என் வயிற்றில் பால் வார்த்தது. பெடல் மாட்ட முடியாவிட்டால் வீட்டில் வேலை இல்லை. வீட்டில் வேலை இல்லாவிட்டால் எட்டு இருபது பஸ். அத்தைக்கு வேறு ஏற்பாடு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? செய்வார்கள். அன்றிலிருந்து லேப்டாப் பேச்சு எடுத்தால் நானே முந்திக்கொண்டு, "சனிக்கிழம போலாங்க" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கிற எஸ்.பி. ரோட்டில் தூறல். இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் சாக்கடைக்குள் இறங்க வேண்டிய சந்து அது. சிநேகிதர் சொல்லிவிட்ட கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் முகேஷ், படி ஏறும்போதே எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "வாங்க சார், வாங்க மேடம்" என்று தமிழுக்கு மாறிக்கொண்டார்.

முதலில் காட்டியது சின்னது. கீ எல்லாம் நெருக்கம், என் விரலுக்கு ஆகாது என்றேன். அடுத்தது பளபளவென்று இருந்தது.

"இதுல எம் மூஞ்சிதான் தெரியுது, எழுத்து எங்க தெரியுது?" என்றேன்.

"வேற காட்டுங்க" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பொண்டாட்டி பார்த்துப் பார்த்து வாங்குகிறாள் என்று அவருக்குப் பெருமை வேறு.

மூன்றாவது சாம்பல் கலர். அலங்காரம் ஒன்றும் இல்லை, ஸ்கிரீன் கூசவில்லை, பெரிதாகவும் இருந்தது. சும்மா ஒரு வரி அடித்துப் பார்த்தேன். நோயாளி ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணி, மூன்று நாளாக மூச்சுத் திணறல். விரல் தானாக ஓடியது. அருமையான கீபோர்டு. அது வேறு எனக்கு எரிச்சலாக வந்தது.

"இது வீட்டுக்கு எல்லாத்துக்கும் ஆவும் மேடம். பசங்க படிக்க, போட்டோ பாக்க, படம் பாக்க. பட்ஜெட்டும் உள்ளதான் வருது" என்றார் முகேஷ்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சந்தோஷம் அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"எனக்கு வேணாங்க" என்றேன். நிஜமாகவே சொல்லிவிட்டேன். எதற்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வரவில்லை.

அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "துட்டப் பத்தி நீ யோசிக்காத உஷா. போனஸ் வருது. உனக்குன்னு இதுவரிக்கும் இன்னா வாங்கிக் குடுத்துருக்கேன்?"

கவரைத் திறந்து பெடலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இத்த எங்கங்க மாட்றது?"

முகேஷ் பிளக்கைக் கையில் எடுத்தார். லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பினார். திருப்பத் தேவையே இல்லை, அவருக்குத் தெரியும். "இது ரொம்பப் பழசு மேடம். இந்த ஓட்டை இப்ப எந்த லேப்டாப்லயும் வர்றதில்ல. புது டெஸ்க்டாப்லயும் நிறுத்திட்டாங்க."

"கன்வெர்ட்டர் ஏதாச்சும்?" என்றார் இவர்.

"சிக்கறது கஷ்டம் சார். சிக்கினாலும் வேலை செய்யும்னு கேரண்டி குடுக்க மாட்டேன்."

இவர் முகம் விழுந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நான் ஏற்கெனவே திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாகிவிட்டது. "பெடல் இல்லாம இந்த வேலயே கெடயாதுங்க. வுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று குரலைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன். கவரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் நகரவில்லை. பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மறந்துபோன பேர் ஞாபகம் வந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஏன் உஷா, நீதான் பெடல் இல்லாமலே அடிப்பியே!"

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் ஆபீஸில் என் பெடல் உடைந்துபோனது. வேறு இல்லை. சாயந்திரத்துக்குள் அனுப்பியே ஆக வேண்டும். கீபோர்டின் மேல் வரிசையில் எஃப் கீ இருக்கிறதல்லவா, அதில் ஒன்றைத் தட்டினால் பேச்சு ஓடும், இன்னொன்றைத் தட்டினால் நிற்கும். அந்தக் கீயைத் தட்டித் தட்டியே நாள் முழுவதும் அடித்து, மற்றவர்களுக்கு முன்னால் முடித்தேன். அதற்குப் பரிசு அந்தக் கடிகாரம். அதை ஓஸ்வால்ட் சார் கொடுக்கிற போட்டோவை அதன் கீழேயே இவர் மாட்டிவைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார். இப்போது முகேஷுக்கும் முழுசாகச் சொன்னார்.

"அது ஒரு நாள் கூத்துங்க" என்றேன் அவசரமாக.

முகேஷ் சிரித்தார். "சார், கதைக்கு நல்லாருக்கு. எங்க தங்கச்சியும் இதே லைன்தான், எனக்குத் தெரியும். பெடல் இல்லாம தெனமும் அடிக்கறதுன்னா சான்ஸே இல்ல. மேடம்தான் சொல்றாங்களே, வுட்ருங்க. நாளைக்கு ஒத்து வரலன்னு திருப்பிக் கொண்டுவந்தா நான் எடுத்துக்க மாட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கடைக்காரரே என்னைக் காப்பாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொய்க்கதை சொல்கிற மனுஷனா அவர்? நான் ஒன்பது வருஷமாகப் பாடுபட்ட வேலை, என் கை வேகம், இதெல்லாம் இந்தக் கடைக்காரருக்குக் கதையா? காதெல்லாம் சூடேறிவிட்டது.

"யாரு முடியாதுன்னது?" என்றேன். "ஒங்க தங்கச்சிக்கு முடியலன்னா எனக்கும் முடியாதா? எங்க ஆபீஸ்ல மூணு பொண்ணுங்களுக்கு நான்தான் கத்துக் குடுத்தேன். போடுங்க ஏதாச்சும் ஒரு பாட்டு, இப்பவே அடிச்சிக் காட்றேன்."

போட்டார். ஏதோ இந்திப் பாட்டு. இந்தியைக் காதுக்குக் கேட்ட மாதிரி ஆங்கில எழுத்தில், ஒரு கையால் பாட்டை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, ஒரு சரணம் முழுவதும் அடித்தேன். தப்பே இல்லை. முகேஷ் எழுந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார். கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள். "சாரி மேடம்" என்றார் முகேஷ்.

பெருமையில் என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தச் சாம்பல் கலருக்கு நேரே டிக் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஆப்பை நானே, அதுவும் சாரி கேட்க வைத்து, அடித்து இறக்கிக்கொண்டேன். பில் போட்டு முடித்துவிட்டு முகேஷ் ஒரு கறுப்புப் பையை நீட்டினார். "இது ஃப்ரீ மேடம். தோள்ல மாட்டிக்கிட்டு எங்க வேணா போலாம்."

அந்தப் பை இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அத்தையின் எக்ஸ்ரேயும் மாத்திரைச் சீட்டும் அதற்குள் இருக்கின்றன. அளவெடுத்த மாதிரி சரியாகப் பொருந்தியது.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஆறேகாலுக்குக் கிளம்பிப் போனார். போகும்போது லேப்டாப்பைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுப் போனார். தர்ஷினியை ஸ்கூலுக்கு அனுப்பினேன். அத்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், துடைத்து, இட்லி கொடுத்துப் படுக்க வைத்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பீரோவைத் திறந்து ஆபீஸ் புடவையைக் கட்டிக்கொண்டேன். தலை வாரிப் பொட்டு வைத்து, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினேன். டப்பாவில் சோறு கட்டினேன். கூடத்துக்கு வந்தபோது பரிசுக் கடிகாரத்தில் எட்டேகால்.

அத்தை தலையைத் திருப்பிக் கார்டைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக இந்த நேரத்துக்குச் சொல்கிறதை அப்படியே சொன்னாள்.

"பாத்துப் போயிட்டு வாடி."

"வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காதில் மாட்டிக்கொண்டு டாக்டர் பேசட்டும் என்று காலை அழுத்தினேன். கீழே வெறும் தரை.