யாரும் இல்ல டீச்சர்

...யாரும் இல்லை என்றா சொன்னாள், ஆமாம், அப்படித்தான் சொன்னாள், தேவாலயத்தில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், நடந்து போகும் வழியில், பேச்சுவாக்கில் "வீட்ல யாரெல்லாம் இருக்காங்கம்மா?" என்று கேட்டதற்கு நாக்கு துளிகூடத் தடுமாறாமல் "யாரும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டாள், டீச்சரும் ஐயோ பாவம் என்பது போலத் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார், இனி அதை எப்படித் திருப்பி வாங்குவது? பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, கட்டிலோடு கிடக்கிறாரே கணவர், அவரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறாள்... முதுகுக்குத் தலையணை வைத்தோமா, வைத்தாயிற்று, ஜன்னல்? அதுவும் திறந்துதான் இருக்கிறது. பழைய சபையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், முதலில் கூட்டமாக வந்து ஜெபித்தார்கள், அப்புறம் ஒருவர் இருவர், அப்புறம் தொலைபேசி, அப்புறம் அதுவும் இல்லை, அதனால்தான் பஸ் ஏறி, தன் முகமே தெரியாத இந்தத் தேவாலயத்துக்கு வந்தாள், சேவை செய்ய ஆள் தேவை என்று போதகர் அறிவித்ததும் முந்திக்கொண்டு எழுந்தாள், நாற்காலி துடைக்கலாம், பாட்டுப் புத்தகம் அடுக்கலாம், மரமும் காகிதமும் முனகுவதில்லை, படுக்கையை நனைப்பதில்லை. ஆனால் டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க முகத்துலயே ஒரு பொறுமை இருக்கும்மா, நோயாளிகளைப் பார்க்கப் போற எங்க குழுவுல சேர்ந்துக்குங்க" என்றார். எந்த முகத்தைப் பார்த்தார்? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே, சரி என்று தலையாட்டி வைத்தாள், விட்டு வந்ததே வேறு வாசல் வழியாக எதிரே வந்து நிற்கிறது, சிரிப்புத்தான் வந்தது, சிரிக்க முடியாத சிரிப்பு.

அன்று அவர்கள் பார்க்கப் போன வீட்டில் படுத்திருந்தவர் ஒரு தையல்காரர். கதவைத் திறந்த மருமகளின் கண்ணில் தூக்கம் இல்லை, அறையில் அதே வாடை, மருந்தும் மூத்திரமும் துவைத்த துணியும் கலந்த அதே வாடை, ஓடிவிடலாமா, ஆனால் கைகள் யாரையும் கேட்கவில்லை, அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்து ஒரே தூக்கில் அவரை உட்காரவைத்தன, "நர்ஸா இருந்தீங்களாம்மா?" என்று டீச்சர் வாயைப் பிளந்தார், "இல்ல டீச்சர், சும்மா, பார்த்திருக்கேன்." பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டியில் எடுத்து, "ஐயா, வாயைத் திறங்க... கொஞ்சம்தான்... ஆங், அவ்வளவுதான், மெதுவா முழுங்குங்க, அவசரமே இல்ல" என்றாள். சொன்னது யார்? அது அவள் குரலா? இவ்வளவு ஈரம் எங்கே கிடந்தது? கணவருக்கும் முதலில் 'திறங்க' என்றுதான் சொன்னாள், எப்போதோ அது 'திற' ஆனது, அப்புறம் அந்தச் சொல்லும் போய், கரண்டியால் உதட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான், அவரும் திறந்துவிடுவார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் ஒரு சாக்காவது கிடைத்திருக்கும், நல்ல மனிதர், பஸ் கண்டக்டராக நாளெல்லாம் கத்திவிட்டு வந்தாலும் வீட்டில் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. டீச்சர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கியதும் மருமகள் அருகில் வந்து, காதோரமாக, கோபம்கூட இல்லாமல், "உங்களுக்கென்னக்கா, இப்ப எழுந்து போயிடுவீங்க" என்றாள். நானும் உன்னைப் போலத்தான்டி என்று வாய்வரை வந்தது, டீச்சர் இருந்தார், ஆமென் என்று மட்டும் சொன்னாள். வாசலில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் வீட்ல தனிமைதானே, வாரத்துல இன்னொரு நாளும் வர முடியுமாம்மா?" என்றபோது, "வர்றேன் டீச்சர்", மறுபடியும், யோசிக்காமலே.

பஸ்ஸில் சாவி தொடைமேல் கனத்தது, அவர் சரிந்திருப்பாரோ, சரிந்து மூச்சு முட்டி... முட்டியிருந்தால்? அந்த நினைப்பில் பயம் மட்டும்தான் இருந்ததா? வேண்டாம், அதைக் கிளறாதே, ஜன்னலைப் பார். பூட்டைத் திறந்தபோது அவர் தலையணையிலிருந்து பாதி சரிந்து, விழித்தபடிதான் கிடந்தார், படுக்கை நனைந்திருந்தது, கன்னத்தில் ஒரு ஈ, நல்ல கை உடம்புக்கடியில் மாட்டியிருக்க, ஓட்ட முடியாமல் எவ்வளவு நேரம் கிடந்தாரோ. ஈயை விரட்டினாள், விரிப்பை மாற்றினாள், தூக்கி உட்காரவைத்தாள், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள், கை பழக்கத்தில் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனது, தட்டப் போனது, நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் பேசப்போவது போலக் கூச்சமாக இருந்தது. "வாயைத் திறங்க... கொஞ்சம்தான்... அவசரமே இல்ல." குரல் வந்துவிட்டது, அதே குரல். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்கள் அவளைத் தாண்டி, மெல்ல, வாசல் பக்கம் போயின, வந்திருப்பது யார் என்று தேடுகிற மாதிரி, அவளும் கரண்டியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.