ஏரிக்குக் கொஞ்சம் கீழே

1

இந்தக் கதை ஏரி பார்க்கப் போன இடத்தில் பிறந்ததல்ல, ஷூ வாங்கப் போன இடத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியாகதுருகத்தில் சர்புதீன் கடையில் மலையேறத் தோதான ஷூ கேட்டேன். எதற்கு என்றார். கல்வராயன் மலையில் வழிகாட்டியோடு உச்சி ஏரிக்கு நடந்து போய், அன்றைக்கே திரும்பும் பயணம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றேன். உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பௌசியா தலையை நீட்டினார்.

“நானும் வரேன் சார்.”

கணவரைக் கேட்கவில்லை, என்னிடம் சொன்னார். எனக்குக் கதை அப்போதே கிடைத்துவிட்டது. மலையேறியதெல்லாம் அதைச் சரிபார்க்கத்தான்.

(ஏரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடுபனி போர்த்திய கரியாலூரின் அதிகாலையில் பெயர் தெரியாத பறவையொன்று…’

வேண்டாம். நாங்கள் நடக்கத் தொடங்கிய கரியாலூரில் பனியும் இல்லை, பறவையை நான் கவனிக்கவும் இல்லை. மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தி வராமல் வேனில் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

அடுத்த தொடக்கம்: ‘பௌசியாவுக்குப் போன வருடம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.’ இது உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே ஆபரேஷனைப் போட்டால் நீங்கள் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். வீட்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். குடம் தூக்காதே, மாடி ஏறாதே. அவரோ டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து மொட்டை மாடியில் விடாமல் நடந்து பழகியிருக்கிறார். தன் உடம்பு தன்னிடம் திரும்பி வந்துவிட்டது என்பதை அவர் ஒருமுறை எல்லார் கண்ணுக்கும் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஏரி.

3

வழிகாட்டியின் பெயர் இசைவாணி. மலையூர்க்காரர், குரலை உயர்த்தாமலே அதட்டத் தெரிந்தவர். அவருக்கு இரண்டு சட்டங்கள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் தாண்டக் கூடாது. ஒருவர் திரும்பினால் அத்தனை பேரும் திரும்ப வேண்டும். ஒரே வழிகாட்டி இரண்டு பக்கம் போக முடியாதல்லவா?

துணைக்கென்று தானும் கிளம்பி வந்திருந்த சர்புதீன் மனைவியை முன்னால் அனுப்பினார். “இவளுக்கு ஒடம்பு சரியில்லீங்க. பாத்து மெள்ளமா இட்டுக்கினு போங்க.”

மனைவிக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். கடைசியில் கள்ளக்குறிச்சிக் கல்லூரி மாணவிகள் இருவர். இருவருமே அவர் கடையில் செருப்பு வாங்குகிறவர்கள்.

(இந்த இடத்தில் சர்புதீன்மீது எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு செருப்புக் கடைக்காரர் இந்தத் தப்பைச் செய்வாரா? செய்தார். கடையிலேயே விலை ஜாஸ்தியான ஷூவை அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “வூட்ல போட்டுப் பழக்காம தூரம் நடக்காதீங்க சார்” என்று சொல்லி எனக்கு விற்றவரும் அவர்தான். பௌசியா மாடியில் நடந்த பழைய ஷூவிலேயே வந்திருந்தார்.)

4

பாதி ஏற்றத்திலேயே சர்புதீனின் நடை மாறியது. குதிகாலைத் தரையில் பதிக்காமல் நடந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மழை வருமா என்று பேச்சுக் கொடுத்தார். பௌசியா இசைவாணியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏறினார்.

கடைசி ஏற்றத்தின் அடியில் நின்றோம். அதைத் தாண்டினால் ஏரி. சர்புதீன் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

“போதும்மா, திரும்பிடலாம். இவளால முடியல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இசைவாணி பௌசியாவிடம் திரும்பினார். “அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களால முடியலயா?”

பௌசியா கணவரின் காலைப் பார்த்தார். சாக்ஸில் ரத்தம் ஊறியிருந்தது.

“இன்னாங்க இது? சொல்லக் கூடாதா?” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

“ஒண்ணுமில்ல, வுடு.” மாணவிகள் பக்கம் கண்ணைக் காட்டினார். அந்தக் கண் கெஞ்சியது.

5

அன்று நாங்கள் ஏரியைப் பார்க்கவில்லை. அந்தக் காலோடு சர்புதீனால் ஏற முடியாது, சட்டம் சட்டம்தான். ஆகவே ஏரியை மறந்துவிடுங்கள். யார் பெயரைச் சொல்லித் திரும்புவது என்பது மட்டும்தான் மிச்சம்.

முதல் பிரதியில் பௌசியா “ஆமா, முடியல” என்கிறார். கணவரின் மானம் பிழைக்கிறது. குடம் தூக்காதே என்பவர்களுக்கு இனி பௌசியாவின் வாயாலேயே ஒரு சாட்சி.

இரண்டாவதில், “எனக்கு முடியும், அவருக்குத்தான் முடியல.” எழுதியதும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்புறம் பாறையில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது, கை இறங்கிவிட்டது.

மூன்றாவதில் சர்புதீனே ஷூவைக் கழற்றிப் புண்ணைக் காட்டி… இது பொய். அழகாக இருந்தது, ஆனாலும் கிழித்துப் போட்டேன்.

பௌசியா சொன்ன பதில் என் காதில் விழுந்தது. அதை எழுத மாட்டேன். நீங்களே சொல்லுங்கள், ஆனால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். நீங்கள் கொடுக்கும் பதிலோடுதான் பௌசியா அந்த மனிதரைக் கைத்தாங்கலாக மலையிலிருந்து இறக்கி, வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய், அந்தக் குதிகாலுக்கு மருந்து போட வேண்டும்.