சக்களத்தி மண்

சவப்பெட்டியை மூடலாமா என்று ஃபாதர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் உள்ளே வந்தான். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளை விலக்கிக்கொண்டு, வேலைச் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. அந்தோனியம்மாளுக்கு ஆளைத் தெரியவில்லை. ஆனால் அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது.

சாலைக்கு எதிரே தகர வேலிக்குள் கிடக்கிற மண் அது. முன்பு பழைய எண்ணெய் டிரம் கழுவுகிற யார்டு. அவள் புருஷன் சுவிசேஷமுத்து வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான், ஓய்வு பெற்றதும் அங்கேதான். பிறகு யார்டை மூடினார்கள். எண்ணெயும் கெமிக்கலும் ஊறி மண் கெட்டுப்போயிருக்கிறது, அப்படியே வீடு கட்டினால் ஆகாது என்று அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கி, அதைத் தோண்டிச் சலித்துக் கழுவ ஆரம்பித்தது. அன்றோடு மனுஷன் வீட்டில் தங்குவதை விட்டார். காலையில் கோப்பி குடித்த வாயோடு தடியை ஊன்றிக்கொண்டு வேலியோரம் போய் நின்றுவிடுவார். சாப்பாட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும். வந்தாலும் பேச்சு அதைப் பற்றித்தான்.

இவளுக்கு முட்டி வலி என்றால் அவர் காதில் விழாது. அந்த மண்ணின் டெஸ்ட் ரிசல்ட் சரியில்லை என்றால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அவளுக்குப் பொறாமை. ஏன் பூசி மெழுக வேண்டும்? எவளையாவது சேர்த்துக்கொண்டிருந்தால் நாலு தெரு கேட்கச் சண்டை போட்டிருப்பாள். மண்ணோடு யார் சண்டை போடுவது? அதுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள், கெட்டுப்போச்சு என்றதும் வைத்தியம் பார்க்க அரசாங்கமே ஓடி வருகிறது. அதே மண்ணில் கிடந்து இவர் வாங்கி வந்த இருமலுக்கு வெந்நீர் வைத்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசி நாளும் அப்படித்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "அந்தச் சன்னலத் தொற. மெஷின் சத்தம் கேக்கல" என்றார். திறந்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

குழியில் முதல் பிடி மண் பெண்சாதி கையால்தான் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இதிலாவது நான்தான் முதல் என்று காலையிலிருந்து அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நான் அங்கமுத்து. சைட்டுல சூப்பர்வைசர்" என்றான் வந்தவன். "ஐயா தெனமும் வருவாரு. எங்களுக்கு வடையெல்லாம் வாங்கியாருவாரு."

வடையா! அடப்பாவி மனுஷா, வீட்டுக்கு ஒரு நாள் வாங்கி வந்திருப்பாரா?

"அவருக்கு வீட்ல ஆள் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. தனியா இருக்காருன்னுதான் நெனச்சோம்."

பக்கத்தில் நின்ற மகன் ஆர்னால்ட் தொண்டையைச் செருமினான். அவள் பையைக் காட்டி, "அது என்னா?" என்றாள்.

"மண்ணும்மா. டெஸ்ட்ல பாஸான மொத மண்ணு. சுத்தமானதும் எனக்கு ஒரு பிடி எடுத்து வைடான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ரிசல்ட் நேத்துதான் வந்துச்சு. ஆபீசர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தாந்தேன். உங்கள்ல குழியில மண்ணு போடுவீங்கல்ல... மொதப் பிடி இதுவா இருக்கட்டுமேன்னு."

"மொதப் பிடியா?"

அவள் போட்ட சத்தத்தில் ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

"மா, விடுங்க லா. டேடி ஆசைப்பட்டதுதானே" என்றான் ஆர்னால்ட்.

"நீ சும்மா இரு. ஒங்க டேடிக்கு ஆசையெல்லாம் அது மேல மட்டுந்தான். குடுப்பா அந்தப் பைய."

சுவா சூ காங் இடுகாட்டில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஃபாதர் செபத்தை முடித்ததும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். குனிந்தாள். அங்கே கிடந்த ஈரச் செம்மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டாள். பெட்டி மேல் பொத்தென்று விழுந்தது. அவள்தான் முதல். மனசு ஆறும் என்று பார்த்தாள், ஆறவில்லை.

"மா, அந்தப் பை" என்று ஆர்னால்ட் மெல்லச் சொன்னான். தள்ளி நின்ற அங்கமுத்து ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். சலித்த மாவு மாதிரி இருந்தது. நன்றாகத்தான் குளிப்பாட்டியிருக்கிறார்கள். இப்போது கொட்டினால் அவர் நெஞ்சுக்கு மேலேயே கிடக்கும், இரவும் பகலும். இவள் மட்டும் தனியாக வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"போடலையாம்மா?"

"போட மாட்டேன். நான் வீட்டுக்குப் போவேனாம், இது அவரோட படுத்துக்குமாம். நல்லாருக்கே கதை! இதுவும் எங்கூடவே வரட்டும்."

மற்றவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி போட்டார்கள்.

திரும்புகிற பேருந்தில் இடமில்லாமல் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பையை வாங்கிக் கீழே வைக்க ஆர்னால்ட் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். வளைவில் பேருந்து சாய்ந்தபோது, அது நழுவாமல் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.