பகல் தூக்கமும் ஃபிளஷ் டேங்க்கும்

இரவு முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் உட்கார்ந்து மீட்டர்களை வெறித்துக்கொண்டிருப்பது அவன் வேலை. எதுவும் நடக்காது. எதுவும் நடக்காமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சம்பளம். போன வாரம் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். மேலாளர் எழுப்பவில்லை. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு காலையில் காட்டினார். இன்னொரு படம் எடுக்க வைத்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்றார்.

ஆகவே பகலில் தூங்கியாக வேண்டும். தூங்கவிடாமல் செய்தது கழிப்பறையின் ஃபிளஷ் டேங்க். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அது. யாரும் தொடாமலே ‘ஸ்ஸ்ஸ்’ என்று நிரம்பும், நிற்கும். கண் சொக்கும் நேரம் பார்த்து மறுபடி ‘ஸ்ஸ்ஸ்’. காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தான், தலையணையை அமுக்கிப் பார்த்தான். சத்தம் நின்றுவிட்ட நேரத்திலும், எப்போது தொடங்கும் என்று காது காத்துக் கிடந்தது.

அன்று மதியம் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டான். பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. இதோ வருகிறேன் என்பான், அவன் வருவதற்குள் என் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு டேங்க் மூடியைத் தூக்கித் தரையில் வைத்தான்.

உள்ளே மிதவை சற்று உயரத்தில் நின்றது. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக நடுவில் வைத்திருந்த குழாயின் வாயைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவிக்குக் குரல் கொடுத்து, மிதவையைத் திருகிக் கீழே இறக்கிவிட்டுப் போய்ப் படுத்தான். தலை தலையணையில் பட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’.

“கண்டுபிடிச்சாச்சு போல,” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

மேலே வழியவில்லை என்றால் அடியில்தான் ஒழுக வேண்டும். துணிக்குப் போடும் நீலத்தை டேங்க்கில் கொஞ்சம் ஊற்றினான். ஃபிளஷ் செய்யாமலே கீழே பீங்கானில் நீலம் இறங்கினால் அடி ரப்பர் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அது தெரியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று வீட்டுக்கே உத்தரவு போட்டான். வீடென்றால் மனைவியும் மாமனாரும்தான்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மகளோடு வந்து இருக்கிறார். மருமகனோடு அதிகம் பேச மாட்டார். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவதால் அதற்குத் தேவையும் வந்ததில்லை. சர்க்கரை வியாதிக்காரர். உத்தரவு போட்ட நிமிஷமே அவருக்கு அவசரம் வந்துவிட்டது. நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தார். மருமகனைத் தாண்டும்போதெல்லாம் என்னவோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார்.

“எத்தனையோ சிக்னல்ல நின்னிருக்கேன் மாப்பிள்ளை,” என்றார் கடைசியில். “இப்படி ஒண்ணுல நின்னதில்ல.”

நீலம் இறங்கியிருந்தது. பீங்கானின் பின்பக்கம் மெல்லிய கோடு. நீங்கள் போகலாம் என்று மாமனாரிடம் சொன்னான். இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கழிப்பறை வாசலிலேயே நின்றார்.

தண்ணீரை அடைத்து, டேங்க்கைக் காலி செய்து, கையை விட்டு அடி ரப்பரைக் கழற்றினான். வெடித்துப் போயிருக்கும் என்று நினைத்தவனுக்கு, அது புதுசு மாதிரி இருந்தது ஆச்சரியம். ஆனால் அதன் அடியில் வட்டமாக வெட்டிய பச்சை ஸ்பாஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு, தண்ணீர் அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. வெட்டியவர் பொறுமைசாலி, வட்டம் அவ்வளவு சுத்தம்.

“நான்தான் ஒட்டினேன் மாப்பிள்ளை.”

கோபப்படவும் தெம்பு வேண்டும்.

“நீங்க படுத்தப்புறம்தான் எனக்கு நாலஞ்சு தடவ வருது. இழுத்தா டப்புனு மூடுது. வீட்டுக்குள்ள வெடி வைக்கிறாங்களான்னு ஒருநாள் கேட்டீங்க. அதான், மெத்துனு மூடட்டுமேன்னு.”

அப்படிக் கேட்டது அவனுக்கு நினைவே இல்லை. தூக்கக் கலக்கத்தில் உளறியிருப்பான். அதை மனதில் போட்டுக்கொண்டு இந்த மனிதர் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா.”

“எப்பக் கேக்கறது? நான் பாக்கிறப்பெல்லாம் ஒண்ணு தூங்கிட்டிருக்கீங்க, இல்ல தூங்கப் பாத்துட்டிருக்கீங்க.”

ஸ்பாஞ்சைப் பிய்த்தான். பசையைச் சுரண்டி, ரப்பர் வந்து உட்காரும் விளிம்பைத் துடைத்து, மாட்டினான். டேங்க் நிரம்பி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘ஸ்ஸ்ஸ்’ வரவில்லை.

போய்ப் படுத்தான். மாமனார் உள்ளே போகும் சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. இழுக்கப் பயந்துகொண்டு அவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது புரிய வெகுநேரம் ஆனது. எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

“இழுத்து விடுங்க மாமா. டப்புன்னா ஒரு தடவையோட போச்சு. இழுப்பீங்களா மாட்டீங்களான்னு காத்துக் கிடந்தா எனக்கு எங்க தூக்கம் வரும்?”

உள்ளே கொஞ்சம் யோசனை. அப்புறம் டப். சுவரே அதிர்ந்தது.

ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கிளம்ப அதிக நேரமில்லை. படுத்தால் எழ முடியாது, படுக்காவிட்டால் கிடங்கில் தாங்காது. படுத்தான். தண்ணீர் தெளித்தாவது எழுப்பிவிடு என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தான். சொல்லி முடித்தானா என்பது அவனுக்குத் தெரியாது.