கன்னிமேட்டுப் பல்லிகள்

பிள்ளை வலியில் ஒரு பெண் என்னென்னவோ சொல்வாள். புருஷனைத் திட்டுவாள், இனிமேல் அந்த ஆள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முசரவாக்கம் செல்லியம்மாளோ வலியில் மூன்று ஏக்கர் நிலத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் மாட்டேன் என்று நின்றாள்.

அது ஐப்பசி அடைமழை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட வழியில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் வீட்டுப் பொன்னியம்மாள்தான் நனைந்துகொண்டே வந்து வயிற்றை நீவிப் பிள்ளையைத் திருப்பினாள்.

"உனக்கு இன்னா வேணும்னாலும் கேளு, என்னைக் காப்பாத்து" என்று அலறினாள் செல்லியம்மாள்.

அவள் கவனத்தைத் திருப்பத்தான் பொன்னியம்மாள் பேச்சுக் கொடுத்தாள். "உங்க மேட்டைக் குடும்மா. எங்க கன்னியம்மா குந்த எடமில்லாம பானைக்குள்ள கெடக்கிறா."

"குடுத்தேன்!"

அந்தக் கத்தலில் பிள்ளை வெளியே வந்து விழுந்தது. பெண் குழந்தை. ரேணுகாம்பாள் என்று பேர் வைத்தார்கள்.

அந்த மேடு ஒரு காலத்தில் காடு. நடுவில் ஏழு கல் நட்டு, கன்னியம்மாளாக இருளர்கள் கும்பிட்டு வந்தார்கள். செல்லியம்மாளின் மாமனார் காட்டை வெட்டி வேர்க்கடலை போட்டார். இருளர்கள் கற்களைப் பானையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். கடலை சில வருஷம் கொழித்தது. அப்புறம் மழைக்கு மண் கரைந்து ஓடி, சரளைக்கல்தான் மிச்சம். கொள்ளுகூட முளைக்காது. செவிலிமேட்டு வீராசாமி, ரோடு போடும் காண்டிராக்டர், அந்தச் சரளையைத் தோண்டக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலியில சொன்னதெல்லாம் ஒரு பேச்சாடி?" என்றான் புருஷன் கண்ணாயிரம்.

"பேச்சுதான். பொண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு மேட்டை எடுத்துக்கோ."

கண்ணாயிரத்தின் மடியில் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் நிலத்துக்காரன் புத்தி சும்மா இருக்குமா? யோசித்து ஒரு கெடு வைத்தான். பொன்னியம்மாளைக் கூப்பிட்டு, "காடு வளத்துக்கோ. பொண்ணுக்கு ஆறு வயசு முடிஞ்சு வர்ற ஆடியில உங்க கன்னியம்மா இங்கியே குந்தறேன்னு சொல்லணும். சொன்னா மேடு அவளுக்கு. சொல்லலைன்னா வீராசாமிக்கு" என்றான்.

கன்னியம்மாள் சொல்வது பல்லியின் வாயால். இருளர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பல்லி சத்தம் போட்டால் உத்தரவு. அந்த மேட்டில் ஒரு மரம் கிடையாது, ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. பல்லி எங்கிருந்து வரும்? கண்ணாயிரம் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

பொன்னியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி நாய்க்கரே" என்றாள். அவளும் சிரித்தாள்.

செல்லியம்மாளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கொடுத்த வாக்கு பொய்யானால் எந்த முகத்தோடு பொன்னியக்காளைப் பார்ப்பது? ஆமாம், அக்கா என்றுதான் இப்போதெல்லாம் கூப்பிட்டாள். ஊர் கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்.

வேலை ஆரம்பித்தது. சரிவின் குறுக்கே கல் அடுக்கி மழைத்தண்ணீரை மறித்தார்கள். மலையடிவாரத்துப் புதர்களில் விதை பொறுக்கி வந்து போட்டார்கள்: நுணா, வெப்பாலை, காசா, வீரை. முதல் வருஷம் ஒன்றுமே முளைக்கவில்லை. செல்லியம்மாள் அழுதே விட்டாள். பொன்னியம்மாளின் ஆட்கள் மட்டும் மேட்டைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்து, ஒரு வளையை வெட்டினார்கள். உள்ளே எலிக்குடும்பம். பக்கத்து அறையில் விதையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது. எலி அன்றைய குழம்புக்குப் போயிற்று, விதை மறுபடி மண்ணுக்குப் போயிற்று. பொன்னியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்குக் கூலியில்லாம காவல் காத்துதும்மா!"

இரண்டாவது தொல்லை கண்ணாயிரம். வேடிக்கை பார்க்க வருவான். வந்தவன் கை சும்மா இராது. கண்ணில் பட்ட காரைமுள்ளையும் சூரைமுள்ளையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் போவான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பிறந்ததிலிருந்து களை பிடுங்கிய கை. அந்த முள்ளுக்கு அடியில்தான் ஆடு வாய் வைக்காமல் கன்றுகள் பிழைத்திருந்தன.

"நாய்க்கரே! இனிமே கைய வீசிக்கினு வராதே. ரெண்டு கையிலயும் பானையப் புடிச்சுக்கினு வா" என்று சத்தம் போட்டாள் பொன்னியம்மாள். அன்றிலிருந்து கண்ணாயிரம் மேட்டுக்குப் போனால் தண்ணீர்ப் பானையோடுதான் போவான். ஊற்றுவான், திரும்புவான்.

வருஷங்கள் ஓடின. முள்ளுக்குள்ளிருந்து நுணா தலையை நீட்டியது. கொண்டைக்குருவிகள் வந்து, எங்கோ தின்ற பழத்தின் கொட்டைகளை இங்கே போட்டுவிட்டுப் போயின. யாரும் நடாத நாவல் ஒன்று முளைத்தது. ஐந்தாம் மழைக்கு அப்புறம் நடுப்பகலில் உட்கார நிழல் இருந்தது. ரேணுகாவும் இருளர் வீட்டுப் பிள்ளைகளும் வாயெல்லாம் நீலமாகக் காசாப்பழம் தின்றார்கள். செல்லியம்மாளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒரு பல்லியும் கண்ணில் படவில்லை.

கெடு நெருங்கிய பங்குனியில் கண்ணாயிரத்தின் போக்கு மாறியது. வேளைகெட்ட வேளையில் பானையோடு மேட்டுக்குப் போனான். வாயைத் துணியால் கட்டிய பானை. தண்ணீர்ப் பானைக்கு வாய்க்கட்டு எதற்கு? மேட்டில் மரம் மரமாக நின்று உற்றுப் பார்த்தான். 'வீராசாமிக்கு அளவெடுக்கிறான்' என்று நினைத்தாள் செல்லியம்மாள்.

அது போதாதென்று, கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன் வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிளை மிதித்து வரதர் கோயிலுக்குப் போனான். பல்லி விழுந்த தோஷம் போக்கும் தங்கப் பல்லியைத் தொட்டேன் என்று சொல்லிப் புளியோதரையை நீட்டினான்.

"வாரா வாரமா? உன் மேல பல்லி வுழுந்துக்கினே இருக்குதா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீராசாமியைப் பார்க்கத்தான் போகிறான், புளியோதரை வெறும் பூச்சு என்று முடிவு கட்டினாள். அந்தக் கவலையில், வீட்டில் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்ப்பதும் கொசு பிடுங்குவதும்கூட அவள் புத்தியில் உறைக்கவில்லை.

ஆடி வந்தது. பொழுது சாயும் நேரம், பெரிய நுணா மரத்தடியில் ஏழு கற்களையும் பானையிலிருந்து எடுத்து வைத்தார்கள். மஞ்சள், வேப்பிலை, பொங்கல். வீராசாமி மடிப்புக் கலையாத வேட்டியில் வந்து ஓரமாக நின்றார். கண்ணாயிரம் யாரையும் பார்க்கவில்லை.

பொன்னியம்மாள் கூந்தலை அவிழ்த்து விட்டு, "தாயே! எடம் குடுத்திருக்கிறாங்க. குந்தறியா? சொல்லு!" என்றாள்.

இலைகூட அசையவில்லை. வீராசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்லியம்மாள் ரேணுகாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷ உழைப்பும் தன் வாக்கும் மண்ணாகப் போகிறதே!

ச்சு ச்சு ச்சு.

வலப்பக்கம். எல்லோரும் திரும்பினார்கள். அதற்குள் இடப்பக்கம் ஒன்று. பின்னால் ஒன்று. தலைக்கு மேலே இரண்டு. மேடு முழுக்க உத்தரவு கொட்டியது. இருளர் பெண்கள் குலவையிட்டார்கள்.

செல்லியம்மாள் கண்ணீரோடு அண்ணாந்து பார்த்தாள். நுணா மரத்தில் வெளுத்த உடம்பும் மொட்டை வாலுமாக ஒரு பல்லி. இதை எங்கேயோ... எங்கேயோ என்ன, அவள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் நான்கு வருஷமாகக் குடியிருந்த பல்லி! கதவு இடுக்கில் வால் அறுந்ததற்கு அவளே உச்சுக்கொட்டியிருக்கிறாள்.

அவள் மெல்லப் புருஷனைப் பார்த்தாள். அவன் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது நம்ம வீட்டுப் பல்லி! அப்பா பானையில புடிச்சாரே!" என்று கூவினாள் ரேணுகா.

வீராசாமி துள்ளினார். "கேட்டீங்களா? வீட்டுப் பல்லியக் கொண்டாந்து வுட்டுக்கினு உத்தரவா? இது செல்லாது!"

பொன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. "ஏன்யா செல்லாது? கன்னியம்மா கூப்புடாமயா இந்த மனுசன் பல்லியத் தூக்கிக்கினு அலைஞ்சாரு? நெழலு இல்லாங்காட்டி அதுங்க ஒரு நாளு தங்கியிருக்குமா? இன்னா நாய்க்கரே, நீயே சொல்லேன்."

கண்ணாயிரம் தொண்டையைச் செருமினான். "மேடு கன்னியம்மாளுக்குத்தான். வீராசாமி, நீ வேற எடம் பாருப்பா. பொங்கல் சாப்ட்டுட்டுப் போ."

வீராசாமி முணுமுணுத்தார். ஆனால் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வீடு திரும்பும்போது செல்லியம்மாள் கேட்டாள். "வாரா வாரம் கோயிலுக்குப் போனது?"

"பல்லியப் புடிக்கறப்போ மேல மேல வுழுதுடி. தோஷம் சேராதா?"

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் புடிச்சுக் குடுத்திருப்பேனே!"

கண்ணாயிரம் காலிப் பானையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "ஆறு வருசமா முடியாதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். என் வாயால எப்படி சரின்னு சொல்றது? வெக்கமா இருந்துச்சு. அதான் அதுங்களச் சொல்லச் சொன்னேன்."

செல்லியம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நடக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாயிரம் பானையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் ஒரு முள்செடி இருந்தது. பழக்கத்தில் கை அதன் அடிக்குப் போயிற்று. அப்புறம், விட்டுவிட்டான்.