மரதன் பார்க்கப் போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒருநாளும் தவறவிடாத பியற்றிஸ், அந்த வாரம் சனிக்கிழமை மாலையே கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வந்தாள். ஞாயிறு முழுவதும் அவளுக்கு வேறு வேலை இருந்தது. மகன் டெனுசன் லண்டன் மரதன், இருபத்தாறு மைல் ஓட்டம், ஓடுகிறான். அவனைக் கண்ணாரக் காணவேண்டும், அவனும் தன்னைக் கண்டு ஒரு சிரிப்புச் சிரிக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து ஒரு பகல் நின்றுவிட்டுப் போனவன். இப்போது ஏப்ரலும் முடியப் போகிறது.

ஓடப்போவதை அவனாகச் சொல்லவில்லை. தங்கச்சி மெலனி வாய்தவறிச் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியவந்தது. பியற்றிஸ் உடனே அவனுக்குப் போன் எடுத்தாள். சரியான சனமாக இருக்கும், உங்களால் நிற்க ஏலாது, வரவேண்டாம் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “அப்பா வந்தால் திரும்பவும் ஓடுவார்” என்றான்.

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் ஊரான மன்னாரில் பிள்ளைகள் மரதன் ஓடினால், மாமனோ அண்ணனோ தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே ஓடுவார்கள். தகப்பன் செபமாலைமுத்துவுக்குத் தெரிந்த முறை அதுதான். டெனுசன் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் படித்த காலத்தில், விளையாட்டுப் போட்டியன்று, அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்து, வேலைச் சப்பாத்தோடு, “விடாதை, விடாதை” என்று கத்திக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் ஓடினார். மகன் இரண்டாவதாக வந்தான். தகப்பன் மூன்றாவதாக வந்தார் என்று பள்ளிக்கூடம் அந்த வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

“நாங்கள் ஏன் ராசா வாறம்” என்று சொல்லிப் போனை வைத்த பியற்றிஸ், அடுத்த மூச்சில் மெலனியிடம் எந்த ரயில் பிடிக்கவேண்டும் என்று கேட்டாள்.

மெலனிக்கு மருந்துக்கடையில் வேலை. அந்த ஞாயிற்று ஷிப்டைக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். மூன்று பேருமாக ஏறிய ரயிலில் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு பியற்றிஸ் திரையையே பார்த்தபடி இருந்தாள். திரையில், மரதன் ஓடுகிறவர்களைக் காட்டும் லண்டன் வரைபடம் தெரிந்தது. அதில் ஒரு நீலப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் டெனுசன்.

“நான் ஓடினாலும் இப்பிடி வருவியளோ அம்மா?” என்றாள் மெலனி.

“நீ ஏன் ஓடப்போறாய்? நீதானே வீட்டில நிக்கிறாய்” என்றாள் பியற்றிஸ், புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெலனி தாயின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டவர் ஹில்லில் இறங்கினால் திருவிழாக் கூட்டம். மேளம் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். காண்டாமிருகம் மாதிரி உடுத்திய ஒருவர்கூட ஓடிக்கொண்டிருந்தார். பியற்றிஸ் சனத்துக்குள் தோளை நுழைத்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தாள். புள்ளி டவர் பாலத்தில் ஏறிவிட்டது என்று மெலனி பின்னாலிருந்து கத்தினாள். ஊதாப் பனியன் போட்டவர்கள் கும்பலாக வந்தார்கள். அதற்குள்ளிருந்து, அவளுடைய பிள்ளை, நெடுநெடுவென்று, காதில் பாட்டுக் கருவியோடு வந்தான்.

“டெனுசன்” என்று அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அவன் ஆற்றுப் பக்கம் பார்த்தபடியே கடந்து போனான்.

“கண்டனான். மெலிஞ்சுதான் போனான், ஆனால் நல்லா ஓடுறான்” என்று அவள் புருஷனின் கையைப் பிடித்து உலுக்கினாள். “அவன்தான் எங்களைக் காணேல்லை. இஞ்சேருங்கோ, கெதியாய் வாங்கோ, அங்கால போய் நிப்பம்.”

அங்கால என்றது பொப்லர். ரயில் நெரிசலில் அவர்கள் அங்கே போய் இறங்கியபோது புள்ளி அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தது. மறுபடி படி, மறுபடி ரயில். செபமாலைமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன்னை ஸ்டேஷனிலேயே ஒரு வாங்கில் இருத்திவிட்டுப் போகச் சொன்னார். சொன்னாரே தவிர, கதவு திறந்ததும் அவர்தான் முதலில் ஏறினார். பியற்றிஸுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பசியும் தெரியவில்லை, கால் நோவும் தெரியவில்லை. இவ்வளவு வேகமாக அவள் நடந்து எத்தனையோ வருடம்.

கடைசியாக, தேம்ஸ் ஆற்றோரத் தெருவில், பந்தயம் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றார்கள். ஆனால் புள்ளி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. பியற்றிஸ் செபமாலையை வெளியே எடுத்தாள். மெலனி போனைத் தட்டிப் பார்த்தாள். பிறகு புள்ளி மெல்ல அசைந்தது.

“நடக்கிறார் அம்மா. அண்ணா ஓடேல்லை, நடக்கிறார்.”

அவன் வந்தான். காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டிருந்தான். ஒரு கையால் தொடையை அமுக்கியபடி, தலை குனிந்து, நொண்டி நொண்டி, இவர்கள் நின்ற பக்கத்துக் கம்பி ஓரமாகவே வந்தான். அவன் நெஞ்சில் ‘டென்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. முன்பின் தெரியாத சனங்கள் அதைப் பார்த்து அவனை ‘டென், டென்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பியற்றிஸ் வாயைத் திறந்தாள். மகனின் முழுப்பெயரும் தொண்டைக்கு வந்துவிட்டது. இத்தனை கிட்டத்தில், சந்தடியிலும் அது அவன் காதில் விழாமல் போகாது. அப்போது செபமாலைமுத்து அவள் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“கூப்பிடாதையும். எங்களைக் கண்டால் நிண்டிடுவான். இப்ப நிண்டானெண்டால் கால் இறுகிப்போம், பிறகு ஓடமாட்டான்.”

அவள் ஒரு கணம் அவரை முறைத்தாள். விடியக் காலையிலிருந்து இவ்வளவு பாடும் இதற்குத்தானே. பிறகு, முன்னால் நின்ற உயரமான வெள்ளைக்காரரின் தொப்பிக்குப் பின்னால் சட்டென்று பதுங்கினாள். பதுங்கிக்கொண்டு, மற்றச் சனங்களைப் போலவே, கடையில் கல்லாவில் நின்று பழகிய இங்கிலீசில் கத்தினாள். “கம் ஓன் டென்! யூ கேன் டூ இட் டென்!”

மெலனி தாயைத் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் பதுங்கிக்கொண்டு கத்தினாள். தகப்பனும் கத்தினார். பியற்றிஸ் விடவேயில்லை. மூச்சு முட்ட, நரம்பு புடைக்க, இத்தனை சத்தம் தனக்குள் இருந்ததே தெரியாதவள் போலக் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தெருவோரமே ஒரே குரலாக டென், டென் என்று முழங்கியது.

டெனுசன் தலையை நிமிர்த்தினான். யாரென்று தேடவில்லை. பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. தொடையில் இருந்த கையை எடுத்தான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, பிறகு ஓடத் தொடங்கினான்.

“ஓடுறான், ஓடுறான்” என்று செபமாலைமுத்து சனத்துக்குப் பின்னால் நடைபாதையில் முழங்காலையும் மறந்து ஓடினார். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்.

மாலையில் பிளேஸ்டோ வீட்டுக்குப் போன் வந்தது. மரதனை முடித்துவிட்டேன் என்றான் டெனுசன். பியற்றிஸ் எல்லாரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்து, ஒன்றும் அறியாதவள் போல விசாரித்தாள். குரல் கரகரவென்று பாதிதான் வந்தது.

“கடைசியில ஏலாமல் போச்சு அம்மா. ஆரெண்டே தெரியாத சனம், என்ரை பேரைச் சொல்லிக் கத்திச்சுது. அதிலதான் ஓடினனான்.”

“அப்பிடியோ ராசா.”

“உங்கட தொண்டைக்கு என்ன?”

“தடிமன். சளி பிடிச்சிட்டுது.”

“கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ. சரி அம்மா, வைக்கிறன். இஞ்ச ஆக்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

அவன் வைத்துவிட்டான். பியற்றிஸ் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தாள். கொத்தமல்லி குடிக்கச் சொன்னான் என்று புருஷனிடம் சொன்னாள். அதையே மெலனியிடமும் சொன்னாள். இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கொத்தமல்லித் தண்ணீரின் மணமே அவளுக்குப் பிடிக்காது. இன்று இஞ்சியும் தட்டிப் போட்டு, சட்டி நிறைய அவித்தாள்.

“எனக்கும் தொண்டை போச்சு” என்றாள் மெலனி. அவள் குரலும் உடைந்துதான் கிடந்தது.

பியற்றிஸ் திரும்பி மகளை உற்றுப் பார்த்தாள். இரண்டு கோப்பையில் ஊற்றி, நிறைய இருந்ததை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“குடி. அண்ணா சொன்னவன்.”

“அண்ணா எனக்குச் சொல்லேல்லை.”

“எனக்குச் சொன்னால் உனக்கும்தான். ஆற முன்னம் குடி.”

மெலனி சத்தமில்லாமல் சிரித்தபடி கோப்பையை வாயில் வைத்தாள். பியற்றிஸ் தன்னுடையதை ஊதி ஊதி, அடிமண்டி வரைக்கும் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.